பூச்சியை விரட்டும் செடி, இழுக்கும் புல்

இரவுச் சந்தையில் வெண்ணெய் தடவித் தரும் சோளம் நமக்கு நொறுக்குத் தீனி. கென்யாவிலோ மக்காச்சோளம்தான் சாப்பாடு. அதன் மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் 'உகாலி' அங்கே நம் சோறு மாதிரி.

அந்தச் சோளத்தை விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஏக்கர் நிலமே உள்ள சிறு விவசாயிகள். அமெரிக்காவில் ஒரு ஹெக்டருக்கு 10 டன்னுக்கு மேல் விளைகிறது. கென்யாவில் சராசரி 2 டன்னைத் தாண்டுவதே பெரும்பாடு.

'இன்னும் உரம் போட வேண்டியதுதானே?' என்று கேட்கத் தோன்றும். போட்ட உரத்தை யார் தின்கிறார்கள் என்பதுதான் சிக்கல்! மேற்குக் கென்யாவில் இரண்டு திருடர்கள் உண்டு. ஒன்று, தண்டைக் குடையும் புழு. மற்றொன்று, சுடுமல்லி என்ற களை. இது சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு நீரையும் சத்தையும் உறிஞ்சும். இதன் விதைகள் பல ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்கும். குனிந்து அதைப் பிடுங்குவது பெரும்பாலும் பெண்கள்தான்.

1990களில் நைரோபியில் உள்ள 'இசிப்பே' பூச்சியியல் ஆய்வு மையமும், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் ஒரு வழி கண்டன. முன்னின்று நடத்தியவர், இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஜெயாவுர் கான். முறையின் பெயர் 'தள்ளு-இழு'.

சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடி. அதன் வாடை அந்துப்பூச்சியைத் தள்ளும். வயலைச் சுற்றி நேப்பியர் புல். அது பூச்சியை இழுக்கும். அங்கே பொரிக்கும் புழுக்களில் பெரும்பாலானவை புல்லின் பிசினில் சிக்கிச் சாகும். டெஸ்மோடியத்தின் வேரோ, சுடுமல்லி விதையை முளைக்க வைத்து, சோள வேரைப் பற்றவிடாமல் மடியச் செய்யும். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். இரண்டுமே மாட்டுக்கு நல்ல தீவனம், வீட்டுக்குப் பால்.

2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்ட படைப்புழுவின் சேதமும் இத்தகைய வயல்களில் குறைவு என்கின்றன ஆய்வுகள். ஒரு டன்கூட எட்டாத நிலங்கள் 3 டன்னுக்கு மேல் தந்ததாக இசிப்பே பதிவு செய்துள்ளது.

சுலபமான வழியா? இல்லை. டெஸ்மோடியம் விதை எளிதில் கிடைப்பதில்லை. வேர் பிடிக்கும் முதல் பருவத்தில் களையெடுப்பு வேலையும் கூடும். கையில் காசில்லாத குடும்பம் ஒரு பருவம் பொறுப்பது சின்ன விஷயமல்ல. வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு அது நிற்கும்.

உற்பத்தித் திறன் என்றதும் இயந்திரமும் பெரும் முதலீடும் நம் நினைவுக்கு வரும். இந்தச் சின்ன வயல்கள் சொல்வது வேறு: கூடுதலாகக் கொட்டுவதற்கு முன், ஏற்கெனவே போட்டது எங்கே போகிறது என்று பாருங்கள்.