சொந்தக் கணக்கு – 9: கரன்ட் பில்லில் தொழில் எது, குடும்பம் எது?

போன வாரம் வாடகையோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் கரன்ட் பில்.

ஆர்க்கிடெக்ட் ஒருவர், வீட்டிலிருந்தே தொழில் செய்பவர், கணக்கைக் கொண்டுவந்தார். வருஷம் முழுக்கக் கட்டிய ஆறு இ.பி. பில்களையும் அப்படியே தொழில் செலவில் ஏற்றியிருந்தார். "பகல் பூரா வேலைதானே சார் நடக்குது?" என்றார். நடக்கிறதுதான். ஆனால் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் அதே மீட்டரில்தானே ஓடுகின்றன?

1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவை மட்டுமே கழிக்கவிடுகிறது. சொந்தச் செலவுக்கு அங்கே இடமில்லை. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், பிரிவு எண்கள் மாறுகின்றன.) அதற்காக வீட்டு பில்லில் ஒன்றுமே தேறாது என்று பயப்பட வேண்டாம். தொழிலுக்கு எரிந்த கரன்ட்டைப் பிரித்துக் காட்ட முடிந்தால் அந்தப் பங்கு தொழில் செலவுதான்.

எத்தனை சதவீதம் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. பலர் கண்ணை மூடிக்கொண்டு சரிபாதி போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. 'பாதி எப்படி வந்தது?' என்று அதிகாரி கேட்டால் முழிக்க வேண்டியதுதான். சதுர அடிக் கணக்கு வாடகைக்குப் பொருந்தும்: 800 சதுர அடி வீட்டில் 120 சதுர அடி அறை என்றால் 15 சதவீதம். கரன்ட் சதுர அடி பார்த்து எரிவதில்லை.

வாட் கணக்கே நியாயம். கம்ப்யூட்டர், ஃபேன், லைட் எல்லாம் சேர்ந்து 200 வாட் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். இரண்டு மாதத்தில் 50 வேலைநாள் என்றால் 80 யூனிட். மீட்டரில் மொத்தம் 400 யூனிட் ஓடியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. இலவச 100 யூனிட் வீட்டுக்கா, தொழிலுக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், கட்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். ஏ.சி. இருந்தால் அதையும் இப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். இன்டர்நெட் பில்லுக்கு வேலை நேரத்தை வைத்துப் பிரித்தால் போதும்.

"செலவுன்னு காட்டினா இ.பி.க்காரங்க கமர்ஷியல் ரேட் போட்டுட மாட்டாங்களா?" என்றும் கேட்டார். தமிழ்நாட்டு மின்கட்டண ஆணையில், வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் இருக்கும் தொழில்முறை ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணம்தான்.

இவ்வளவும் பேசிய பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: எந்தப் பிரிவில் ரிட்டர்ன் போடுகிறீர்கள்? 44ஏடிஏ என்றார். ஆர்க்கிடெக்ட், டாக்டர், வக்கீல் போன்றவர்களின் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதியில் எல்லாச் செலவும் அடக்கம். அதற்கு மேல் கரன்ட் பில்லைத் தனியாகக் கழிக்க வழியில்லை. அவருடைய உண்மையான செலவு வரவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. அவருக்கு இந்தப் பிரிவுதான் லாபம்.

ஆறு பில்களையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

(அடுத்த வாரம்: வண்டியும் பெட்ரோலும்)