கிற்றாரின் காலடிப் பெட்டி

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பார்கள். பாடநூல்களிற் ‘கொள்ளளவி’ என்றும் வானொலி திருத்துங் கடைகளிற் ‘கண்டென்சர்’ என்றும் பெயர்பெறும் சிறு பொருளைக் காணுந்தோறும் அம்மொழி எமக்கு நினைவுக்கு வரும். ஆயினும், ஆராயாமல் மூர்த்தியைச் சுருக்கினால் கீர்த்தியும் உடன் குறைந்துவிடும் என்பதை எம் சகோதரியின் மகன் அண்மையில் எமக்குக் காட்டித் தந்தான்.

மின் கிற்றார் வாசிப்போர் தம் காலடியில் ஒரு பெட்டியை வைத்து, அதன் ஆளியை மிதித்து ஒலியை மாற்றிக்கொள்வதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். ‘பெடல்’ எனப்படும் இதனைத் தாமே செய்துகொள்ளும் ஆர்வலர் இன்று பல நாடுகளிலும் உளர். எம் மருமகன் செய்ய விரும்பியது 1966ஆம் ஆண்டில் இலண்டனில் ஆர்பிற்றர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ என்னும் பெடலின் சுற்று. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற பெருங் கலைஞரின் காலடியிலிருந்து புகழ்பெற்றது அது. இரண்டு திரான்சிற்றர், நான்கு தடை, மூன்று கொள்ளளவி, இரண்டு மாறுதடை. ஆகப் பதினொரு உறுப்புகளே அதன் உள்ளே உண்டு. வெளிக்கூடோ ஓர் உணவுத்தட்டம் போன்ற வட்டப் பெட்டி. அதனைச் செய்தவர்க்கு இடத்தைப் பற்றிய கவலை இருந்திராது. எம் மருமகன் தேர்ந்தெடுத்த அலுமினியப் பெட்டியோ 92 மில்லிமீற்றர் நீளமும் 38 மில்லிமீற்றர் அகலமும் 31 மில்லிமீற்றர் உயரமும் உடையது. ஆளியும் குமிழ்களும் வடந் தொடுக்குந் துவாரங்களும் பிடித்தது போக, எஞ்சியது தீப்பெட்டியளவு இடமே.

முதன்முறை, பழைய வால்வு வானொலியொன்றிற் கழற்றிய கொள்ளளவிகளைக் கொண்டு வந்தான். 400 வோல்ற்று, 630 வோல்ற்று என அவற்றிற் பொறித்திருந்தது. “மூடி பொருந்துதில்லை, மாமா” என்று முகம் வாடி நின்றான். கொள்ளளவி என்பது இரண்டு கடத்தும் தகடுகளும் அவற்றின் இடையே ஒரு காவலிப் படையும் அன்றோ? மிகுந்த வோல்ற்றைத் தாங்கக் காவலி தடிக்க வேண்டும். காவலி தடித்தால், அதே கொள்ளளவத்தைப் பெறத் தகடும் விரிய வேண்டும். 9 வோல்ற்றில் இயங்கும் பெடலுக்கு 630 வோல்ற்றுக் கொள்ளளவி எதற்கு? 16 வோல்ற்றுப் போதும். 25 வோல்ற்றானால் அச்சமேயில்லை.

இரண்டாம் முறை மறுகோடிக்குச் சென்றான். மூன்றையும் பயறளவான செராமிக் கொள்ளளவிகளாகவே வாங்கி வந்தான். மூடி பொருந்தியது. ஆனால் விரலாற் பெட்டியைத் தட்டியதும் விரியலாக்கியிலிருந்து ‘டொக்’ என்று ஓசை எழுந்தது! சிறிய உடலில் மிகுந்த கொள்ளளவத்தை அடக்கும் செராமிக் வகைகளிற் பேரியம் தைத்தனேற்று என்னும் பொருள் உண்டு. அதனை அசைத்தாலும் அமுக்கினாலும் சிறிது மின்னழுத்தம் பிறக்கும். சுற்றின் வாயிலிற் பிறக்கும் அச்சிறு அழுத்தத்தை இரண்டு திரான்சிற்றர்களும் பன்மடங்காக்கிவிடும். காலால் மிதிக்கும் பெட்டிக்கு இதைவிட வேறு குறை வேண்டுமா? அன்றியும், நேரோட்ட அழுத்தம் ஏறும்போது இவ்வகையின் கொள்ளளவம் இறங்கும். C0G என்னும் குறியுடைய செராமிக் வகைக்கு இக்குறைகள் இல்லை. ஆனால் அது சிறு பெறுமானங்களுக்கே ஏற்றது.

இவ்விடத்திலேதான் மருமகனை அமர்த்தி ஒரு கணக்குச் செய்வித்தோம். வழியிலிருக்கும் கொள்ளளவி உயர்ந்த சுரங்களை விட்டுவிட்டுத் தாழ்ந்த சுரங்களைத் தடுக்கும். எந்த அதிர்விலிருந்து தடுக்கும் என்பது, அடுத்துள்ள தடையையும் பொறுத்தது. 159,000 என்ற எண்ணை, ஓமில் உள்ள தடையையும் மைக்கிரோபரட்டில் உள்ள கொள்ளளவத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் விடை கிடைக்கும். கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு 82 முறை அதிரும். விடை அதற்குக் கீழ் இருத்தல் வேண்டும்.

ஃபஸ் ஃபேஸின் வாயிற் கொள்ளளவி 2.2 மைக்கிரோபரட்டு. முதல் திரான்சிற்றர் காட்டும் தடை சில ஆயிரம் ஓமே. அதனை 5,000 எனக் கொண்டால் விடை 14. இடத்தை மிச்சப்படுத்த 0.1 மைக்கிரோபரட்டை இட்டால் விடை 318 ஆகும். தந்தியின் கனம் போய்த் தகரம் தட்டிய ஒலிதான் கேட்கும். வெளிவாயிலிலோ 0.01 மைக்கிரோபரட்டே உண்டு. ஆயினும் அங்குள்ள மாறுதடை 500,000 ஓம் ஆதலால் விடை 32. ஒரே பெட்டியில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கொள்ளளவிகளிடையே 220 மடங்கு வேற்றுமை!

ஆகவே மூன்றாம் முறை தேர்ந்தது இவ்வாறு. வெளிவாயிலுக்குப் பொலியெஸ்ரர்ப் படல வகை: 7.2 மில்லிமீற்றர் நீளமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் உடைய சிறு பெட்டி. அதன்மேல் 103 என்றிருக்கும். பத்துடன் மூன்று பூச்சியம், அதாவது 10,000 பிக்கோபரட்டு. வாயிலுக்கும், இரண்டாந் திரான்சிற்றரின் கீழுள்ள மாறுதடைக்கும் மின்பகுபொருள் வகை. பழஞ்சுற்றில் 20 மைக்கிரோபரட்டு என்றிருப்பதற்கு இன்று கடையிற் கிடைக்கும் 22 பொருந்தும். 5 மில்லிமீற்றர் விட்டமும் 11 மில்லிமீற்றர் உயரமுமே அதற்கு உண்டு. தந்தலம் வகை இன்னுஞ் சிறிது. ஆனால் முனை மாறினால் எரிந்துபோகக் கூடியதாதலின் முதன்முறை செய்பவர் கையில் அதனைக் கொடுக்க எமக்கு மனமில்லை.

மின்பகுபொருள் வகைக்கும் நேர்முனை எதிர்முனை உண்டு. பழைய ஜேர்மானியச் சுற்றில் மின்கலத்தின் நேர்முனையே புவித்தொடுப்பு. ஆதலால் 22 மைக்கிரோபரட்டின் நேர்முனை புவித்தொடுப்பையும், 2.2 மைக்கிரோபரட்டின் நேர்முனை கிற்றாரையும் நோக்க வேண்டும். பழக்கத்தினால் பலர் தவறுவது இங்கேயே.

இம்முறை ஈயம் பற்றவைக்குமுன் உறுப்புகளை எல்லாம் பெட்டியினுள் அடுக்கி மூடியை வைத்துப் பார்த்தோம். 22 மைக்கிரோபரட்டு மாத்திரம் தலைநிமிர்ந்து நின்றது. மருமகன் அதன் கால்களை மடித்துப் பலகையின்மேற் படுக்க வைத்தான், மூடி பொருந்தியது.