இரவின் நீளமும் விலங்குகளின் நோய் எதிர்ப்பாற்றலும்



குளிர்காலம் வந்தால் குளிர்நாட்டுச் சிற்றுயிர்களுக்கு இரை அருகிவிடும். உண்டதில் பெரும்பகுதி உடற்சூட்டைக் காக்கவே செலவாகிவிடும். இத்தகைய நெருக்கடியில் நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆய்வுக்கூடங்களோ வேறு செய்தி கூறுகின்றன. பகல் குறுகுவதை உணர்ந்த சில விலங்குகளின் உடலில் நோய் எதிர்ப்பின் சில கூறுகள் வலுப்பெறுகின்றன.

பகல் குறுகுவதை ஏன் உணரவேண்டும்? வெப்பத்தையும் மழையையும் நம்புவதற்கில்லை. ஓராண்டு போல் மற்றோராண்டு இராது. பகலின் நீளம் மட்டுமே ஆண்டுதோறும் தவறாமல் அதே அளவில் திரும்பி வருவது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. ஆகவே நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சைபீரியாவில் 55ஆம் வட அகலக்கோட்டிலோ ஜூன் மாதப் பகல் 17 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் அது ஏறத்தாழ 7 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

இந்த அளவை உடலுக்கு அறிவிப்பது மூளையின் நடுவேயுள்ள பீனியல் என்னும் சிறு சுரப்பி. இருளில் அது மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கண்ணில் ஒளி பட்டால் சுரப்பு அடங்கிவிடுகிறது. இரவு நீள நீள, மெலடோனின் குருதியில் உலவும் நேரமும் நீளும். 1958இல் இதனை மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆரன் லெர்னர். அவர் தோல் மருத்துவர். தவளையின் தோலை வெளுக்கச் செய்யும் பொருளைத் தேடிச் சென்றவர். பருவங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு தோல் மருத்துவர் வழிதிறந்தது எனக்கு என்றும் வியப்பே.

குளிர்காலத்தில் குளிர், பசி, நீண்ட இரவு ஆகிய மூன்றும் ஒருங்கே வருகின்றன. எது எதனை விளைவிக்கிறது என்று காட்டில் நின்று சொல்ல இயலாது. ஆகவே, சைபீரியாவின் ஹாம்ஸ்டர் என்னும் குட்டைவால் எலியினத்தை இரு கூட்டமாகப் பிரித்தனர். வெப்பம் ஒன்றே, தீனியும் ஒன்றே, விளக்கு எரியும் நேரம் மட்டுமே வேறு. பின்னர், பாக்டீரியாவின் புறச்சவ்விலுள்ள ஒரு நச்சுப்பொருளை இரு கூட்டத்துக்கும் செலுத்தினர். உயிருள்ள கிருமி இல்லாவிடினும் இப்பொருள் காய்ச்சலையும் பசியின்மையையும் உண்டாக்கும். 2002இல் வெளியான முடிவின்படி, குறும்பகலில் வாழ்ந்தவற்றுக்குக் காய்ச்சல் விரைவில் தணிந்தது. உணவு உட்கொள்வதும் அவ்வளவாகக் குறையவில்லை. காய்ச்சல் என்பது உடலுக்குப் பெருஞ்செலவு. இரையற்ற காலத்தில் அதனை நீட்டிக்க அவ்வுயிருக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால், குறும்பகலில் எல்லா எதிர்ப்பும் வளர்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அதே ஹாம்ஸ்டரில் இயற்கைக் கொல்லி அணுக்களின் செயல் ஓங்குகிறது. கிருமிகளை விழுங்கும் அணுக்களின் செயலோ தாழ்கிறது. வட அமெரிக்காவின் மான் எலிக்கு மெலடோனினைச் செலுத்தியபோது அணுக்கள்வழி எதிர்ப்பு உயர்ந்தது. எதிர்ப்பொருள் உற்பத்தி உயரவில்லை. உடல் தன் பொருளைப் பங்கிட்டுச் செலவிடுகிறது என்பதே பொருந்தும்.

இனப்பெருக்கத்தை நிறுத்தி மிச்சப்படும் ஆற்றலும் இதற்குத் துணையாகிறது. குளிரும் பசியும் எதிர்ப்பைக் குலைக்கும். நீண்ட இரவு அதனை முன்கூட்டியே உயர்த்தி ஈடுசெய்யும் என்பது 1996இல் நெல்சன், டெமாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்த கருத்து. குளிர்காலத்தில் விலங்குகள் நோயுற்று மடிவதைக் கண்டு இதனை மறுப்பவர் உண்டு. நான் உடன்படேன்: ஈடு போதாமற் போவதும் உண்டு, அதனால் ஈடே இல்லை என்றாகாது.

இது பனி நாட்டுச் செய்தி மட்டுமன்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சந்தனா ஹால்டரும் அவர்தம் மாணவரும் வட இந்தியாவின் ஐவரி அணிலை ஆராய்ந்தனர். காசியில் ஆண்டின் பகல்வேறுபாடு ஏறத்தாழ 3 மணி நேரமே. குறும்பகலில் வைத்த அணில்களில் மெலடோனின் மிகுந்தது. அதனை ஏற்கும் வாயில்கள் மண்ணீரலிலும் தைமஸ் சுரப்பியிலும் பெருகின. நிணநீர் அணுக்களின் பெருக்கமும் கூடியது.

இன்னொரு புதுமையும் உண்டு. மான் எலிகளைப் பல மாதங்கள் குறும்பகலிலேயே வைத்திருந்தால், உயர்ந்த எதிர்ப்பு தானே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. வெளியே விளக்கு மாறவில்லை. உடல் மட்டும் நீண்ட இரவின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிட்டு, வாராத வசந்தத்துக்கு ஆயத்தமாகிறது.