கணத்தைக் குறிக்கும் அலை

கார்த்திகைத் திருநாளன்று எமது திருவண்ணாமலையில் மாலைப் பொழுதை அறிவிப்பன இரண்டு. ஒன்று, மேல்பால் மெல்ல மங்கும் வானொளி. மற்றொன்று, அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் வேளையில் மலையுச்சிக் கொப்பரையில் ஏற்றப்படும் தீபம். வானொளியை நோக்கி, “இப்பொழுதே மாலையாயிற்று” என ஒருவர் கூறின், அருகிருப்பவர் இன்னும் ஐந்து நிமிடம் உளது என்பர்; ஒரு மேகம் கடந்தாலோ இருவர் கணக்கும் பிழைபடும். தீபத்தைப் பற்றி எவர்க்கும் ஐயமில்லை. முன்னது படிப்படியாய் மாறுவது. பின்னது இன்மையினின்று உண்மைக்கு ஒரே தாவாகத் தாவுவது. மின்னியலில் முன்னதைப் போன்றது சைன் அலை. பின்னதைப் போன்றது சதுர அலை. சைன் அலையைச் சதுர அலையாக மாற்றுங்கால், குறிக்கப்படும் கணம் முன்பின்னாகத் தடுமாறாதிருக்கச் செய்வது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கு இதில் என்ன வேலை எனப் பௌதிக வகுப்பு நண்பர் வினவுவாராயின், எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்தவர் எம் தொல்காப்பியனாரே என விடை கூறுவோம்.

இம்மாற்றம் எங்கே வேண்டப்படுகின்றது? நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், கோவிந்த் சுவரூப் என்பார் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கட்டிய வானொலித் தொலைநோக்கி 1970-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். அவ்விடத்து அட்சரேகைக்கு ஒத்த சரிவுடைய குன்றொன்றைத் தேர்ந்து அமைத்தமையால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாய் நிற்கின்றது. அது 326.5 மெகாஹெர்ட்ஸ் அளவில் வானத்தைச் செவிமடுப்பது. பல்சார் எனப்படும் சுழல் விண்மீன்களின் துடிப்புக்களும் அதன்பால் வந்து சேர்கின்றன. அவற்றுள் சில நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடிப்பவை. இந்தியப் பல்சார் கால அளவீட்டுக் குழுவினர் தம் தொடக்க ஆண்டுகளில் இக்கருவியையும், பூனாவுக்கு வடக்கேயுள்ள பெரிய வானொலித் தொலைநோக்கியையும் பயன்படுத்தினர். பின்னர் ஐரோப்பியக் குழுவினருடன் கூடி, விண்வெளி எங்கும் பரவிய ஈர்ப்பலைகளுக்கான சான்றினை 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டனர். இவ்வாராய்ச்சியில் தேடப்படும் கால வேறுபாடு ஒரு நொடியைக் கோடி கூறிட்டால் அதில் ஒரு கூறு அளவினது. அதுவும் பல்லாண்டு நோக்கியே புலப்படும். ஆகவே துடிப்பு வந்த கணத்தைக் குறிக்கும் கடிகாரம் ஐயத்துக்கு இடமாதல் கூடாது.

அணுக்கடிகாரங்கள் பொதுவாக 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையையே வெளியிடுவன. ஒரே அதிர்வெண் உடையதாதலின் அது நீண்ட கம்பியிலும் உருக்குலையாது செல்லும். ஆனால் எண்ணும் கருவிகளுக்கு வேண்டுவது ஆம் அல்லது இல்லை என்னும் இருநிலை. அலை கீழிருந்து மேலேறிச் சுழிநிலையைக் கடக்கும் கணத்தில் ‘ஆம்’ எனக் கூறும் சுற்று ஒன்று இடையே வேண்டும். அச்சுற்று கூறும் கணமே விளிம்பு. அவ்விளிம்பின் தடுமாற்றமே கால நடுக்கம்.

நடுக்கத்தின் காரணம் எளிது. எம்மின்சுற்றிலும் ஒழுங்கற்ற நுண்ணிய அசைவு உண்டு. அதனை இரைச்சல் என்பர். இரைச்சலின் வோல்ட் அளவை, சுழியைக் கடக்கும்போது அலை ஏறும் விரைவால் வகுத்தால் வருவதே நடுக்கம். 1 வோல்ட் உயரமும் 10 மெகாஹெர்ட்ஸும் உடைய அலை, சுழியருகே நொடிக்கு 6 கோடி வோல்ட்டுக்கு மேற்பட்ட விரைவில் ஏறுவது. இரைச்சல் ஒரு மில்லிவோல்ட் ஆயின் நடுக்கம் 16 பிக்கோநொடி; அதற்குள் ஒளி அரை செண்டிமீட்டரும் செல்லாது. அதே உயரமும் அதே இரைச்சலும் உடைய 10 ஹெர்ட்ஸ் அலையிலோ நடுக்கம் பத்து இலட்சம் மடங்காகி 16 மைக்ரோநொடி ஆகின்றது. எம்மூரில் சூரியன் செங்குத்தாய் இறங்குதலின் அந்தி விரைவில் அடங்கும்; இலண்டனில் ஜூன் மாதத்து அந்தி அதனினும் ஏறக்குறைய இருமடங்கு நீளும். அங்கே மாலைக் கணத்தைச் சுட்டுவது அத்துணை அரிதாவது போன்றதே இதுவும்.

மெதுவாய் ஏறும் அலை சுழியருகே இரைச்சலால் பலமுறை மேலும் கீழும் கடக்க, ஒரு விளிம்புக்குப் பல விளிம்புகள் தோன்றுவதும் உண்டு. ஏறுதற்கு ஓரெல்லையும் இறங்குதற்கு வேறோர் எல்லையும் வைத்து இதனைத் தடுக்கும் சுற்றினை ஆட்டோ ஷ்மிட் என்னும் அமெரிக்கர் 1938-இல் வெளியிட்டார். கணவாய் மீனின் நரம்பை ஆராய்ந்தபோது அவருக்கு உதித்த கருத்து அஃது என்பர். ஆயினும் அது பொய்யான எண்ணிக்கையைத் தடுக்குமே ஒழிய நடுக்கத்தைக் குறைக்காது. அலை மிகச் செங்குத்தாய் இருக்கும் இடம் சுழியே. எல்லையை அங்கிருந்து விலக்குவதால் சரிவு சற்றுக் குறையவே செய்யும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அங்ஙனமாயின் அலையை முதலிலேயே ஆயிரம் மடங்கு பெருக்கிச் செங்குத்தாக்கினால் என்ன? இங்கேதான் சிக்கல். திடீரென ஏறும் விளிம்பைக் கடத்தவல்ல பெருக்கி மிகப் பல அதிர்வெண்களுக்கு வாயில் திறந்திருத்தல் வேண்டும். அவ்வாயிலை நூறு மடங்கு அகலமாக்கினால் இரைச்சல் பத்து மடங்காகும். அலை இன்னும் சாய்வாய் இருக்கும் முதற்படியிலேயே அத்துணை இரைச்சலையும் உள்ளே விடுதல் பேதைமை. எனவே முதற்படியில் குறுகிய வாயிலும் சிறிய பெருக்கமும் வைத்தல் வேண்டும். அப்படி பெருக்கிய அலையின் உச்சிகளை வெட்டிவிட்டால், எஞ்சிய பகுதி முன்னிலும் செங்குத்தாகும். அடுத்த படியின் வாயில் சற்று அகலமாகலாம். அதற்கடுத்தது இன்னும் அகலமாகலாம். இப்படிகளின் பெருக்கத்தையும் அகலத்தையும் எவ்வாறு பங்கிடுவது என்பதை ஆலிவர் காலின்ஸ் என்பார் 1996-இல் கணித முறையால் வகுத்துக் காட்டினார். மெதுவான அலைக்கே படிகள் மிகுதியாக வேண்டும்; 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஓரிரண்டே போதும்.

தற்செயலான நடுக்கம் நெடுநேரச் சராசரியில் பெரிதும் கரைந்துபோம். கரையாதது மெல்லிய நகர்ச்சி. அறையின் வெப்பம் மாறச் சுழியெல்லை 10 மில்லிவோல்ட் நகருமாயின், மேற்கூறிய அலையில் விளிம்பு 160 பிக்கோநொடி இடம் பெயரும். துடிப்பின் வருகைக் கணக்கில் இது சிறிதே, ஆனால் 326.5 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைக்கோ ஒரு சுற்றில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகும். குளிரும் வெயிலும் மாறிமாறி வரும் நீலகிரி போன்ற இடத்தில் இது கருதத்தக்கது. இரைச்சலை அஞ்சி முதற்படி வடிகட்டியை மிகமிகக் குறுக்கினாலும், வெப்பத்தால் அதன் இயல்பு மாறி, அதே நகர்ச்சி வேறு வாயிலாகப் புகும். ஆதலின் குறுக்குவதற்கும் ஓர் அளவுண்டு.

செய்த சுற்று நன்றோ என அறிவதற்கு அதனினும் சிறந்த கடிகாரம் தேவையில்லை. ஒரே அலையை இரண்டாய்ப் பிரித்து, ஒத்த இரு மாற்றிகளுக்கு ஊட்டி, அவற்றின் விளிம்புகளை ஒப்பிட வேண்டும். கடிகாரத்தின் குறை இரண்டிலும் ஒன்றாய் இருத்தலின் கழிந்துபோம். எஞ்சும் நடுக்கத்தை 1.4-ஆல் வகுத்தால் ஒரு மாற்றியின் பங்கு கிடைக்கும். பின்னர் ஒன்றை மட்டும் சில பாகை சூடாக்கி, மற்றதை முன்போலவே வைத்து நோக்கினால், வெப்பத்தால் விளையும் நகர்ச்சியும் தனித்துப் புலப்படும்.