இரண்டாம் அறுவடை

அறுவடைக்குப் போகும் விவசாயிக்கு லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரம் வியப்பான ஒரு கட்டளையைத் தருகிறது. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக்கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது. திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்த பழத்தையும் விட்டுவிட வேண்டும். அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை. இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போய், வயலில் மறந்து விட்டுவந்த கதிர்க்கட்டை எடுப்பதற்குக்கூடத் திரும்பிப் போகக்கூடாது என்கிறது.

உன் களஞ்சியத்திலிருந்து கொஞ்சம் அள்ளி ஏழைக்குக் கொடு என்று இந்தச் சட்டம் கேட்கவில்லை என்பதைக் கவனிப்போம். ஏழைக்கு உரியதில் நீ கை வைக்காதே என்றுதான் கேட்கிறது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மோவாபு நாட்டுப் பெண்ணாகிய ரூத்து, போவாசின் வயலில் கையேந்தி நிற்கவில்லை. குனிந்து, பொறுக்கி, தட்டி எடுத்து, தன் உழைப்பின் பலனாகவே வாற்கோதுமையை மாமியார் நகோமியிடம் கொண்டுபோனார். கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படியும், அவரை அதட்டக்கூடாது என்றும் போவாசு தம் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தது ரூத்துக்குத் தெரியாது. கொடுத்தவர் தம் கையை மறைத்துக்கொண்டார்; வாங்கியவர் தலைகுனிய நேரவில்லை.

இந்தப் பழைய வயலை நாம் இன்று நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உலகின் பல நாடுகளில் இன்று இயங்கிவரும் உணவு வங்கிகள், ஒரு பங்குத்தளத்தின் பழைய கட்டடத்தில் பிறந்தவை. 1967-இல், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரில் அது நடந்தது.

ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஒரு காலத்தில் வியாபாரத்தில் நன்றாக இருந்தவர். மணவாழ்வு முறிந்து, உடலும் நலிந்து, அரிசோனாவுக்கு வந்து சேர்ந்தார். பீனிக்ஸில் தூய வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளுக்காக நடத்திய உணவுக்கூடத்தில் தொண்டராகச் சேர்ந்தார். நம் ஊர்ப் பங்குகளிலும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் உண்டியலோடு நிற்கிறார்களே, அதே வின்சென்ட் தே பவுல் சபைதான். 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. வான் ஹெங்கலின் வேலை, அந்தக் கூடத்துக்கு உணவு தேடிக் கொண்டுவருவது. தோட்டங்களில் பறிப்பார் இல்லாமல் உதிரும் ஆரஞ்சு, எலுமிச்சைகளை உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கி, பழைய பால் வண்டி ஒன்றில் ஏற்றி வருவார். கூடத்துக்குப் போக மீதமானதை மற்ற இல்லங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்த நாள்களில்தான் அவர் ஒரு தாயைச் சந்தித்தார். பத்துப் பிள்ளைகள், கணவர் மரண தண்டனைக் கைதி. பிள்ளைகளை எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்டபோது, மளிகைக் கடைகளின் பின்புறம் இருக்கும் குப்பைத் தொட்டிகளைக் காட்டினார் அந்தத் தாய். வான் ஹெங்கல் போய்ப் பார்த்தார். நசுங்கிய டப்பா, ஒரு நாள் பழைய ரொட்டி, உறைந்த நிலை மாறாத உணவுப் பொட்டலம் என, உண்ணத் தகுந்தவையே அங்கே கிடந்தன. பணத்துக்கு வங்கி இருப்பதுபோல, மிகுதியாக வைத்திருப்பவர் போட்டு வைக்கவும் இல்லாதவர் எடுத்துக்கொள்ளவும் உணவுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குக் கொடுத்தவரும் அந்தத் தாயே. உணவு வங்கி என்பது பசித்தவர் ஒருவரின் மூளையில் உதித்த திட்டம். பின்னால் வந்த பெரிய பெரிய அமைப்புகள் இதை மறந்துவிடக்கூடாது என்பது நம் எண்ணம்.

பீனிக்ஸ் தூய மரியா பங்கை நடத்திவந்த பிரான்சிஸ்கன் துறவியரிடம் அவர் போய் நின்றார். பங்கு 3,000 டாலரும், பயனற்றுக் கிடந்த ஒரு கட்டடமும் கொடுத்தது. வழக்கமாக நாம் கேள்விப்படும் நன்கொடைகளோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். அந்த இடமே தூய மரியா உணவு வங்கி ஆயிற்று. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவு அங்கிருந்து வெளியே போனது. வான் ஹெங்கல் பழைய துணிகளை உடுத்தி, ஒருவர் கொடுத்த சிறு அறையில் எளிமையாகவே வாழ்ந்துவந்தார்.

உணவு வங்கி என்றதும், பசித்தவர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் இடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி அல்ல. அது ஒரு கிடங்கு. ஆலைகளிலும் மொத்த வணிகரிடமும் விற்காமல் தேங்கியவை, பண்ணைகளில் அளவிலும் வடிவத்திலும் சந்தைக்குப் பொருந்தாத காய்கள், மக்கள் நேரடியாகக் கொடுப்பவை எல்லாம் அங்கே வந்து சேரும். தொண்டர்கள் அவற்றைப் பிரிப்பார்கள், தேதி பார்ப்பார்கள், கெட்டதைக் கழிப்பார்கள், குளிர் அறையில் வைப்பார்கள். பிறகு பங்குகள், அனாதை இல்லங்கள், முதியோர் இல்லங்கள், உணவுக்கூடங்கள் வந்து எடுத்துப்போகும். ஒவ்வொரு இல்லமும் தனித்தனியாகக் கடை கடையாய் ஏறி இறங்க வேண்டியதில்லை. ஒரு லாரி நிறையத் தயிரை ஓர் அனாதை இல்லம் வாங்கி என்ன செய்யும்? கிடங்கு இருந்தால் அதை நூறு இல்லங்களுக்குப் பகிரலாம். வங்கியின் பலமே இதுதான்.

1970களின் நடுவில் அரசின் நிதியுதவி கிடைத்தது. இந்த முறையை மற்ற நகரங்களுக்கும் எடுத்துச் செல்லும் பணியை வான் ஹெங்கல் ஏற்றார். 1977-க்குள் 18 நகரங்களில் உணவு வங்கிகள் எழுந்தன. 1979-இல் அவற்றை இணைக்கும் தேசிய அமைப்புக்கு 'செகண்ட் ஹார்வெஸ்ட்', அதாவது இரண்டாம் அறுவடை என்று பெயர். 2008 முதல் அது 'ஃபீடிங் அமெரிக்கா' என அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 200 உணவு வங்கிகள் அதில் இணைந்திருக்கின்றன. கனடாவில் 1981-இல் எட்மன்டன் நகரில் முதல் வங்கி தோன்றியபோது, தொடங்கியவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கதிர் பொறுக்குவோர்'. ரூத்தின் வயல் அவர்கள் நினைவில் இருந்திருக்கிறது. பிரான்சில் 1984-இல் கத்தோலிக்க நாளிதழ் 'லா குருவா'வில் அருள்சகோதரி செசில் பிகோ பசியைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை பலரை உலுக்கியது. அதே ஆண்டில் பாரிஸில் உணவு வங்கி பிறந்தது. இத்தாலியில் 1989-இல், அருள்பணி லூயிஜி ஜுஸ்ஸானியும் உணவுத் தொழிலதிபர் தனிலோ ஃபொஸ்ஸாத்தியும் சந்தித்துப் பேசியதன் பயனாக 'பாங்கோ அலிமென்த்தாரே' உருவாயிற்று.

பரவியதற்கு நல்ல மனம் மட்டும் காரணம் அல்ல. கொடுக்க நினைத்த நிறுவனங்களுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கொடுத்த உணவால் யாருக்காவது வயிற்றுவலி வந்து, வழக்குப் போட்டால் என்ன செய்வது? அதைவிடக் குப்பையில் போடுவது பாதுகாப்பானது அல்லவா! நல்லெண்ணத்தோடு கொடுப்பவரை அத்தகைய வழக்கிலிருந்து காக்கும் சட்டம் அமெரிக்காவில் 1996-இல் வந்தது. இத்தாலியில் 2003-இல் இதுபோன்ற சட்டம் வந்தது. இரண்டையும் மக்கள் 'நல்ல சமாரியர் சட்டம்' என்றே அழைக்கிறார்கள். பிரான்சு 2016-இல், பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை அழிப்பதையே தடைசெய்தது.

பணி வளர வளர இன்னொரு தொல்லையும் முளைத்தது. திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தில் நமக்குத் தெரிந்த தொல்லைதான் அது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழ, திருத்தூதர்கள் எழுவரை அந்தப் பணிக்கென்றே நியமித்தார்கள். அமெரிக்காவிலும், 2005-க்கு முன் தேசிய அலுவலகம் முறைவைத்து லாரிகளை அனுப்பிவந்தது. எதற்கு யார் தவிக்கிறார்கள் என்பது மையத்துக்குத் தெரியாது. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோ மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு லாரி போகக்கூடிய ஏற்பாடு அது! 2005-இல், சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலரின் துணையோடு புது முறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் 'பங்குகள்' எனும் பொய்க்காசு தரப்படும். ஏழைகள் அதிகம் உள்ள ஊருக்கு அதிகக் காசு. அதைக் கொண்டு ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை ஏலத்தில் கேட்கலாம். யாரும் விரும்பாத சரக்கை ஏற்றுக்கொள்பவருக்குக் கூடுதல் காசு கிடைக்கும். செலவான காசு மறுபடி எல்லாருக்கும் பகிரப்படும்.

ஏலம் என்றதும் கோயில் காரியத்தில் சந்தையா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் தலைமை அலுவலகம் அனுப்பியதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்த சிறு ஊர்க் கிடங்கு, இப்போது தன் மக்களுக்கு எது தேவை என்பதைத் தானே சொல்கிறது. போவாசின் வயலில் ரூத்துக்கு இருந்த சுதந்திரம் ஓரளவு திரும்பியது என்றே நாம் கருதுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் பசி தீர்ந்ததா? 2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ உணவு வங்கி ஒரே நாளில் ஏறத்தாழ 10,000 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தது. ஆயிரக்கணக்கான கார்கள் அணிவகுத்து நின்ற படத்தை உலகமே பார்த்தது. கார் வைத்திருப்பவரும் பசித்திருக்கக்கூடும் என்று அன்று பலருக்குப் புரிந்தது. அவசர உதவியாகத் தொடங்கியது நிரந்தர ஏற்பாடாக மாறிவிட்டது. கூலியும் வாடகையும் சரியாக இருந்தால் இந்த வரிசை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. உணவு மனிதனுக்கு உள்ள உரிமை என்பதைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் 'உண்மையில் அன்பு' சுற்றுமடலில் தெளிவாக எழுதினார். கிடங்கு நிறைந்திருப்பதைக் காட்டி அரசுகள் தம் கடமையிலிருந்து நழுவக்கூடாது. அதே வேளையில், நியாயமான கூலி வரும்வரை இன்றிரவு பட்டினி கிடக்கும் குழந்தையைக் காத்திருக்கச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை. கப்பதோக்கியாவின் செசரியா நகரில் 4-ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தின்போது புனித பெரிய பசிலியார் இரண்டையும் செய்தார். களஞ்சியத்தைப் பூட்டி வைத்த செல்வரை மறையுரையில் கடிந்துகொண்டார். தம் கையாலேயே பசித்தவர்களுக்கு உணவும் பரிமாறினார்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. கடைகளிலும் விடுதிகளிலும் சேர்த்து வீணானதைவிட நம் அடுப்படிகளில் வீணானது அதிகம்! உணவைத் தூக்கி எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று புதன் மறைக்கல்வியுரையில் சொன்னார். ஐந்து அப்பங்கள் பலுகிப் பெருகிய அந்த மாலையிலும், எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடர்களுக்குக் கட்டளையிட்டார். அள்ள அள்ளக் குறையாமல் கொடுக்கக்கூடியவர், துண்டுகளைக் கணக்குப் பார்த்தார்.

நமக்கும் இது புதிதல்ல. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு, பிடியரிசியாகக் கோயிலுக்குக் கொண்டுவந்த பாட்டிமார் நம் பங்குகளில் இருந்தார்கள். அது மிஞ்சியதைக் கொடுப்பது அல்ல, சமைக்கும் முன்பே ஒதுக்குவது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவதுபோல. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பின் தொண்டர்கள், திருமண வீடுகளில் மிஞ்சும் நல்ல உணவை அன்றே பசித்தவர்களிடம் சேர்க்கிறார்கள். விருந்து வைக்கும் வீட்டார் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். சோறு புளித்தபின் கூப்பிட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இத்தாலியில் 1997 முதல் நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை உணவு சேகரிப்பு நாளாக இருக்கிறது. கடை வாசலில் நிற்கும் தொண்டர், உள்ளே போகிறவர் கையில் ஒரு வெறும் பையைக் கொடுப்பார். நன்கொடைக்கு ஏற்ற பொருள்களையும் சொல்வார்: குழந்தை உணவு, எண்ணெய், பருப்பு வகை, டப்பா மீன், தக்காளிச் சாறு. நம் வீட்டுக்கு வாங்கும் அதே அலமாரியிலிருந்து, அதே விலைக்கு எடுத்து, வெளியே வரும்போது அந்தப் பையைத் தொண்டரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். பெயர் எழுதுவதில்லை.