கண்டோன்மென்ட் தெருக்கள் – 14: முதுகுக்குப் பின்னால் கை

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடு வேய்ந்த ஒரு பழைய வீடு, இப்போது மாண்டிசோரிப் பள்ளி. கூடத்தில் என் முழங்கால் உயரத்துக்கு அலமாரிகள். காலை ஒன்பதரைக்குப் போய் ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்துகொண்டேன். எதிரே மூன்றரை வயதுப் பையன் ஒருவன், நாக்கை லேசாகக் கடித்தபடி, ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதித் தண்ணீர் தட்டில் விழுந்தது. தட்டும் நிரம்பித் தரையில் ஓடி என் பாய்ப் பக்கம் வந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் பிடித்துவந்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை சிந்தியதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. ஊற்றி முடித்து, ஸ்பாஞ்சை அவனே எடுத்துவந்து துடைத்தான்.

ஆசிரியை இரண்டடி தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்.

"அது அவன் வேலை சார். நாம கை வச்சா புடுங்கிக்கின மாதிரி ஆயிடும்."

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவர் 'ஆன்ட்டி'. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதே கதைதான். 1947 ஜூலை 26 வரை கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த பகுதி, அதற்குப் பிறகுதான் மைசூரோடு சேர்ந்தது. ஆன்ட்டி ஒரே மூச்சில் தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நான்கிலும் பேசுகிறார். மூக்கைச் சிந்தச் சொல்வதற்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழ்தான்.

இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். லட்சியம், சேவை என்று ஏதாவது வரும் என்று பேனாவைத் திறந்துவைத்திருந்தேன்.

"பொண்ணுக்கு ஃபீஸ்ல பாதி கம்மி பண்றேன்னாங்க. அதுக்குத்தான் சார்."

அது இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால். பெண் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, கல்யாணமும் ஆகிவிட்டது. ஆன்ட்டி மட்டும் இன்னும் அதே கூடத்தில் இருக்கிறார். ஏன் என்பதற்கு அவரிடம் நேரடியாகப் பதில் இல்லை. ஒரு கதைதான் இருந்தது. வந்த புதிதில் ஒரு குட்டிப் பெண் ஆறு வாரம் வாயே திறக்கவில்லையாம். வீட்டில் தமிழ், இங்கே எல்லாம் இங்கிலீஷ். அலமாரியில் இருந்த எழுத்து அட்டைகளும் இங்கிலீஷ். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பிள்ளை அதை விரலால் தடவித் தடவி எழுத்தின் போக்கைப் பழகும். ஆன்ட்டி கடையில் உப்புத்தாள் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து ஒரு 'அ' வெட்டி ஒட்டினார். மறுநாள் அந்தப் பெண் அதைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா கன்னம்" என்றாளாம்.

சொரசொரப்பு. ஷேவ் பண்ணாத கன்னம்.

"அன்னிக்கி வூட்டுக்குப் போய் அழுதேன் சார்" என்றார். எழுத்தைக் கற்றுக்கொடுக்கப் போய்க் கிடைத்தது உவமை. எங்களைப் போல எழுதிப் பிழைக்கிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம்.

அந்த உப்புத்தாள் எழுத்து நம் பக்கம் இப்படி வேரூன்றியதில் அடையாறுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில், 1939 நவம்பரில், இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி சென்னை வந்தார். வயது 69. சில மாதங்கள் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. கீற்றுக் கொட்டகையில் முந்நூறு பேர் போலப் பாடம் கேட்டார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச, மகன் மரியோ இங்கிலீஷில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அம்மாவும் பிள்ளையும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகனைக் காவலில் வைத்தார்கள். அம்மாவுக்கு அடையாறே எல்லை. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அந்த நாளுக்குப் பரிசாக மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் இரண்டு வருஷம். சில மாதம் என்று வந்தவர் 1946 வரை இங்கேயே இருந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பழக்கிவிட்டுப் போனார்.

இன்று பெங்களூரில் தெருவுக்குத் தெரு 'மாண்டிசோரி' பலகை. பெயருக்குச் சொந்தக்காரர் கிடையாது, யாரும் மாட்டிக்கொள்ளலாம். சாமான்களைப் பிள்ளைகள் தொட்டுவிடாமல் கண்ணாடி பீரோவில் பூட்டிவைத்திருக்கும் இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆன்ட்டியின் நாத்தனார் அங்கன்வாடி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சந்தித்தால், யாருக்கு வேலை அதிகம் என்று இருவருக்கும் வாக்குவாதம். நாத்தனார்தான் ஜெயிப்பாராம். பாடத்தோடு சத்துணவு, எடை, தடுப்பூசிக் கணக்கு, சர்வே. அங்கன்வாடியின் வேர் மகாராஷ்டிரக் கடற்கரையில், போர்டியில் இருக்கிறது. மாண்டிசோரி முறையை நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றிய தாராபாய் மோடக் 1945இல் அங்கே ஒரு மையம் தொடங்கினார். பதின்மூன்று வயதில் கல்யாணமாகி ஆறே மாதத்தில் கணவனை இழந்த அனுதாய் வாக் அவரோடு சேர்ந்துகொண்டார். பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. இவர்கள் பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனார்கள். 'ஆங்கன்' என்றால் முற்றம். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் வெளிக்கும் போனார்கள். விலையுயர்ந்த கட்டைகளுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டத்தைத் தொடங்கியபோது, கர்நாடகத்தில் முதலில் வந்த இடம் டி. நரசீபுரம்.

ஆனால் நாத்தனார் வாங்குவதற்குப் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் மத்திய அரசு நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய். மாநிலம் மேலே போடுவது தனி. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஏப்ரல் ஆனது. "சும்மா கொழந்தைய பாத்துக்கறதுதானேன்னு கேக்கறாங்க சார்" என்றார் ஆன்ட்டி. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வேலையாகவே தெரியாது. நானே அன்று காலை கைக்குட்டையை எடுத்தவன்தானே.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் போனபின் கூடம் சட்டென்று பெரிதானது. ஆன்ட்டி சாமான்களை எண்ணிவைத்தார். ரோஸ் கோபுரம் என்று ஒன்று. மொத்தம் பத்து மரக்கட்டைகள், பெரியது பத்து சென்டிமீட்டர், சின்னது ஒரே ஒரு சென்டிமீட்டர். எண்ணினார். ஒன்பது. அந்தச் சின்னதுதான் இல்லை. நான் குனிந்து அலமாரிக்கு அடியில் தேடப்போனேன்.

"விடுங்க சார். யார் பாக்கெட்லயோ தூங்கினு இருக்கும்."

"யார்னு தெரியுமா?"

"தெரியும்."

"வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்கலாமே?"

ஆன்ட்டி தலையை ஆட்டினார். பீரோவில் உபரியாக ஒரு கட்டை இருந்தது, அதையும் எடுக்கவில்லை. ஒன்பதை மட்டும் அடுக்கி, உச்சியைக் காலியாக விட்டுவிட்டு, சாவியைத் தேடினார்.

(தொடரும்)