கருந்திரையா, வெண்திரையா?

ஓலையில் எழுத்தாணி கீறிய வரி எளிதிற் புலப்படுவதில்லை; கரி பூசித் துடைத்த பின்னரே எழுத்துத் துலங்கும். வெளிர்ந்த தளத்திற் கரிய எழுத்து என்னும் அம்மரபையே காகிதமும் அச்சும் தொடர்ந்தன. வகுப்பறைக் கரும்பலகையோ இதற்கு மறுதலையாய்க் கரிய தளத்தில் வெள்ளெழுத்தைத் தாங்கிற்று. இவ்விரு மரபுகளும் இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் எதிரெதிரே நிற்கின்றன.

ஆரம்பகாலக் கணினித் திரைகள் பலவற்றிற் கருமையின்மீது பச்சை எழுத்தே ஒளிர்ந்தது. 1984இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணினி, காகிதத்தைப் போல வெண்திரையிற் கரிய எழுத்தைக் காட்டியது. 2019இல் ஐபோனும் அண்ட்ரொயிட்டும் கருந்திரையைத் தெரிவுசெய்ய வழிவிட்டன. அதன்பின், கருமையே கண்ணுக்கு இதம் என்னும் எண்ணம் மாணவரிடையே வலுப்பெற்றுள்ளது. அதனை முற்றாக ஏற்றல் இயலாது என்பது என் துணிபு.

கண்ணின் இயல்பை நோக்குவோம். ஒளிமிக்க தளத்தைக் காணும்போது கண்ணின் பாவை சுருங்குகின்றது. விழித்திரையில் விழும் உருவம் கூர்மை பெறுகின்றது. இருண்ட தளத்தைக் காணுங்கால் பாவை விரிய, கண்ணின் குறைகள் வெளிப்படுகின்றன. கருவிழியின் வளைவு சீராக அமையாதோர்க்கு வெள்ளெழுத்தின் விளிம்பு கசிந்தது போலத் தோன்றலாம். ஜேர்மனியின் டுசெல்டோர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்விலே, இளையோரும் முதியோரும் வெண்தளத்துக் கரிய எழுத்திலேயே பிழைகளைச் செவ்வையாகக் கண்டறிந்தனர். ஒரு புள்ளி மங்கினும் மெய் உயிர்மெய்யாகிவிடும் தமிழில் இது சிறிய செய்தியன்று.

எனினும், எல்லோர்க்கும் வெண்திரையே என விதித்தலும் தவறு. கண்புரையால் வில்லை கலங்கியவர்க்கு வெண்தளத்தின் பேரொளி கண்ணுள்ளே சிதறி எழுத்தை மறைக்கின்றது. அத்தகையோரிற் பலருக்குக் கருந்திரை வெறும் நாகரிகமன்று. இழந்த வாசிப்பை மீட்டுத்தரும் வழியாகும். அவரிடம் வெண்திரையை வற்புறுத்துதல் கையிலுள்ள நூலைப் பறித்தலுக்கு ஒப்பாகும்.

இருண்ட அறையில் வெண்திரை கூசுமெனிற் கருந்திரையை நாடுவதிற் குற்றமில்லை. ஆயினும், அறையில் விளக்கொன்றை ஏற்றித் திரையின் ஒளியைத் தணித்தாலும் அக்கூச்சம் பெரிதும் நீங்கும்.

கண்சோர்வின் வேர் நிறத்தில் மாத்திரம் இல்லை. திரையை உற்றுநோக்கும்போது நாம் இமைப்பது குறைகின்றது, கண் உலர்கின்றது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி நோக்குமாறு கண்மருத்துவர் கூறுவர். கருந்திரையை நம்பி இந்த ஓய்வைக் கைவிடுவோர் நிறத்தை மாற்றினரேயன்றி நோவை மாற்றினரல்லர்.

ஆதலின் பகலில் நெடுநேரம் வாசிப்போர்க்கு வெண்திரையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் இறுதித் தீர்ப்பு வாசிப்பவரின் கண்ணுக்கே உரியது. திரையிற் பாடம் நடத்தும் ஆசிரியர், எழுத்துத் தெளிவாகத் தெரிகின்றதா என்று கடைசி வரிசை மாணவரை ஒருமுறை கேட்டபின் பாடத்தைத் தொடங்குதல் நன்று.